கொப்பரை போட்ட தொட்டி

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சாந்தகுமாரிக்குக் காலர் தைக்கிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு காலர் என்று கேட்காதீர்கள், கேட்டால் உங்களுக்கே கழுத்து வலிக்கும். ஆரணியிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. சூப்பர்வைசர் அவள் தைத்த காலரைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். அப்படிப்பட்ட கையைத்தான் ராசியில்லாத கை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நம்ப வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். கல்யாணமான புதிதில் சாந்தகுமாரி வைத்த துளசி ஒரே வாரத்தில் கருகிவிட்டது. சித்திரை வெயில் என்று யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா? "இவ கை பட்டா பச்சை மரமும் பட்டுப்போகும்" என்று நாத்தனார் ஒரே போடாகப் போட்டாள். நரம்பில்லாத நாக்குதானே! அந்தச் சொல் இருபது வருஷம் கூடவே வந்தது. யாராவது கறிவேப்பிலைக் கன்று கொடுத்தால்கூட, "எனக்கு வேணாங்க, செத்துப்போயிடும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

இந்த மாசியில் அவளுக்கு நாற்பது முடிந்தது. என்ன தோன்றியதோ, "ஒரே ஒரு தடவை வச்சுப் பாக்கறேங்க. வரலைன்னா இனி செடின்னு பேச்சே எடுக்க மாட்டேன்" என்று புருஷன் பாலகுமாரிடம் சொன்னாள். வீட்டு ஓனர் மமதா, மாடியில் நாலு தொட்டி வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். "கலீஜு பண்ணா எல்லாத்தையும் எடுத்துரணும்" என்பது கண்டிஷன்.

தொட்டியும் மண்ணும் வாங்கப் போன இடத்தில் நர்சரிக்காரர் கன்னடக்காரர். "எரடு பாகா மண்ணு, ஒந்து பாகா கொப்பர ஹாகி" என்றார். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கொப்பரை. சாந்தகுமாரிக்குத் திக்கென்றது. செடிக்குக் கொப்பரையா? திருப்பிக் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பாரே! "கொப்பர பேக்கா, வேணுமா?" என்று அவர் மூட்டையைக் காட்டப் போனபோது, "வேணாங்க, வீட்ல இருக்கு" என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தாள். இந்த ஊர்க் குளிருக்கு எண்ணெய்ப் பசை வேண்டுமாக்கும் என்று அவளே ஒரு நியாயமும் கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்த கொப்பரையைச் சீராகத் துருவி, மண்ணில் பிசைந்து, மேலே கீரைக்கு வெந்தயம் தூவினாள். பொரியலுக்குக்கூட அவ்வளவு பக்குவமாகத் துருவியதில்லை.

மூன்றாம் நாள் எறும்பு. ஐந்தாம் நாள் எலி. அந்த எலி நாலு தொட்டியையும் தோண்டிப் போட்டதோடு நிற்காமல், மமதா காயவைத்த வடகத்தையும் ருசி பார்த்துவிட்டது. மமதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடியில் நின்றார்.

"என் கை அப்படிக்கா. நானே எடுத்துடறேன்" என்று சாந்தகுமாரி தொட்டியைத் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

மமதா எட்டிப் பார்த்தார். "இதேனு, தேங்காயா?"

"கொப்பரைக்கா. நர்சரிக்காரர்தான் 'கொப்பர ஹாகி'ன்னார்."

 மமதா தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ தேவரே! கொப்பர அந்த்ரே எரு, சாந்தா! சாணி எரு! நீ போட்டது கொப்பரி, காஞ்ச தேங்காய்!"

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் நர்சரிக்காரர் மேல். அப்புறம், கேட்க வெட்கப்பட்ட தன் வாய் மேல். கை மேல் மட்டும் வரவேயில்லை. பாவம் அந்தக் கை, காதில் விழுந்ததைச் சுத்தமாகச் செய்து முடித்திருக்கிறது.

"இன்னும் ஒரு மாசம் குடுங்கக்கா" என்றாள். தனக்கென்று யாரிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை. "மறுபடி எலி வந்தா தொட்டியோட என்னையும் வெளிய தள்ளுங்க."

"ஆயித்து, ஒரு மாசம்" என்றார் மமதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்காரரைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டாள். பாதி தமிழ், பாதி கன்னடம், மீதி ஜாடை. எருவை அள்ளி மோந்து பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். மறுபடி வெந்தயம் தூவிய நாலாம் நாள் முளை விட்டது. வெந்தயம் முளைப்பது பெரிய சாதனை இல்லை, ஈரத்துணியில் போட்டாலே முளைக்கிற ஜாதி. அதை அன்றைக்கு அவளிடம் போய்ச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்!

கீரை ஒரு சாண் உயர்ந்தது. நாளைக்குக் கிள்ளலாம் என்றிருந்த சாயங்காலம், ஏப்ரல் மழை ஆலங்கட்டியோடு அரை மணி நேரம் விளாசியது. மழை விட்டதும் அவளும் பாலகுமாரும் மாடிக்கு ஓடினார்கள். நாலு தொட்டியிலும் கீரை சேற்றோடு சேறாகக் கிடந்தது.

பாலகுமாருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயம். "விடு சாந்தா. நமக்கு ராசியில்லை" என்றான் மெதுவாக.

"வானத்துலேர்ந்து கல்லு விழுந்தா என் கை என்னங்க பண்ணும்?" என்று சள்ளென்று விழுந்தாள் சாந்தகுமாரி. பிறகு கீழே இறங்கிப் போய், ஒரு கிண்ணம் வெந்தயத்தை ஊறப் போட்டாள்.