முதுகில் கை வைத்தவர்

எரிந்த விளக்கெண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் என் கால்கள் நிலைகொள்வதில்லை. அந்நாளில் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு அந்த எண்ணெய்தான் ஊற்றுவார்கள். மந்தைவெளியில் ஒரு தகரக் கொட்டகை. புகை நடுவே மேஸ்திரி நிற்பார். குட்டையான உடம்பு, கருகிய புருவம். எந்த ஆளுக்கு எந்த வண்டி என்று முடிவு செய்பவர் அவர்தான். ஆளை வண்டியில் உட்கார வைத்து, என்ஜின் உறுமும்போது அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை என் முதல் பந்தயம். கொட்டகையிலேயே வேகமான சிவப்பு வண்டி ஒன்று இருந்தது; அதற்காக நான் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். என் முதுகு அவரிடம் என்ன சொன்னதோ, இன்றும் தெரியவில்லை. கையை எடுத்தவர், பட்டாளத்தார் விட்டுப்போன கனத்த வண்டியைக் காட்டினார்.

"இதுவா? எருமை மாதிரி நகருமே, மேஸ்திரி!"

"செவப்பு அவசரக்காரன். நீயும் அவசரக்காரன். ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது நிதானம் வேணாமா?"

காது சுட, அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"இதுல போனா தோத்துடுவேன்" என்றேன்.

"இன்னா இப்போ? தோத்தவன் உசுரோட திங்கக்கெழம இங்க வந்து எங்கிட்ட சண்ட போடுவான். நீயும் வா நைனா, வந்து போடு."