மேகம் மூடிய நாளில் காய்ந்த சிலேட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். தொண்ணூறுகளில், சதுரங்கப்பட்டினத்தில் கடைசி மகள் மூன்றாவது படித்தபோது பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்று அவள்தான் செய்துகாட்ட வேண்டும். அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டது. பயத்தில் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"இன்னாக்கா, அங்க காயப்போட்ட கருவாடு நனையப்போவுது, இங்க நிக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நனையட்டும். எம்பொண்ணு தலைகுனியக் கூடாது."

மகள், வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று வைக்க, இரண்டு சிலேட்டுகளை ஈரத்துணியால் துடைத்தாள். வெயில் வரவில்லை. அவளோ சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஒரு சிலேட்டுக்கு மட்டும் விசிறினாள். அதுதான் முதலில் காய்ந்தது.

"காத்து பட்டாலும் சீக்கிரம் காயும் சார்," என்றாள். அதிகாரி சிரித்துத் தலையசைத்தார். பிறகுதான் கருவாட்டைப் பார்க்க ஓடினேன்.

கண்ணு, உன் அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் உனக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.