காகத்துக்கு வைத்த சோள ரொட்டி

நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் புதிதாகத் திறந்த மெக்சிகன் கடைக்கு மகள்தான் என்னைக் கூட்டிப்போனாள். முதலில் கறுப்பாக ஒரு கோழிக் குழம்பு வந்தது. அதில் சொக்கலேட் போடுவார்களாம். கோழிக்குள் சொக்கலேட்டா? தட்டைத் தள்ளிவைத்தேன். பிறகு, துணியில் சுற்றியிருந்த சோள ரொட்டியை அவள் பிரித்தாள். அந்த மணம் என்னை யாழ்ப்பாணத்துக் குசினி அடுப்படிக்கே கொண்டுபோய்விட்டது.

நிவாரணத்துக்குச் சோள மா கொடுத்த காலம் அது. அம்மா மாவை முகர்ந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"மாட்டுக்கு அரைச்சதை எங்களுக்குத் தந்திருக்கிறாங்கள்."

ரொட்டி சுட்டு, முதல் துண்டைக் காகத்துக்கு வைத்தார். விரத நாளில் பக்தியோடு வைக்கிறவர், அன்று காகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காகம் தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் கரைந்தது.

"காகம் என்னத்தைத்தான் தின்னாது?" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு துண்டு தின்றார். பிள்ளைகள் எங்களை ரொட்டியைத் தொடவிடாமல் அடுப்படியிலேயே குந்தியிருந்தார். நாங்கள் பசியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகளின் கை ரொட்டிக்குப் போனது.

"பொறு பிள்ளை." அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டைக் கறுப்புக் குழம்பில் தோய்த்து நான் முதலில் வாயில் வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? இனி நான் சாப்பிடட்டே?"