ரேடியோ லைசென்சில் அப்பாவின் கையெழுத்து

அப்பா போன மறுவருஷம் எங்கள் ரேடியோப் பெட்டியும் வாயை மூடிக்கொண்டது. வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. இரண்டு செங்கல் பருமனுள்ள பேட்டரியில் பாடிய வால்வு செட் அது. பெங்களூருக்குக் கம்பெனி வேலைக்குப் போன அண்ணன் டிரான்சிஸ்டர் வாங்கி வந்ததும் பழையதை யாரும் தொடவில்லை. பேட்டரி கசிந்து பலகை ஊறியது. ஆடு அதை நக்குவதைப் பார்த்த அம்மா, "இன்னைக்கே இதைத் தூக்கிப் போடுங்க" என்று கத்தினாள்.

ரேடியோ வைக்க வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம். தபாலாபீசில் கொடுத்த சின்னப் புத்தகத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டிலிருந்த மற்றக் காகிதங்களிலெல்லாம் அவர் கைநாட்டுதான். நான் ஆறாவது படித்தபோது என் சிலேட்டில் அவர் பத்து நாள் பழகிக்கொண்டு போய்ப் போட்டது அந்தக் கையெழுத்து. கடைசி எழுத்து இடம் போதாமல் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. எனக்கு அவரைப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செட்டைப் பிரித்தான். செம்புக் கம்பிச் சுருளையும் காந்தத்தையும் குருபரப்பள்ளிப் பழைய இரும்புக் கடைக்கென்று ஒதுக்கினான். வால்வுகளை வரப்போரம் வீசப் போனவனைத் தடுத்தேன்.

"கண்ணாடிண்ணா. எல்லாரும் வெறுங்கால்ல நடக்கிற எடம்."

பேட்டரியைக் கிணற்றை விட்டுத் தள்ளி, மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். மகளின் சிலேட்டுக்குப் பூச அதிலிருக்கும் கரும்பொடியைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவையும் வெறுங்கையோடு அனுப்பினேன்.

"பொதைக்கறதுக்கு அதென்ன பொணமாடி?" என்று அம்மா சிரித்தாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். செட் இல்லையென்று தபாலாபீசுக்கு எழுதித் தரவேண்டும் என்றேன்.

"போடி, பெரிய தாசில்தாரு இவ. எவன் வந்து கேக்கப் போறான்?" என்றான் அண்ணன்.

"அப்பா பேர்ல நோட்டீஸ் வந்தா?"

பதினோராவது தேறியவள் எழுதிய மனு, ஓர் அடித்தல் இல்லை. போஸ்ட்மாஸ்டர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கியேம்மா" என்றார். எனக்குக் கழுத்து நிமிர்ந்தது.

"புக்கைக் கொடு."

"காட்டிட்டு எடுத்துட்டுப் போறேன் சார்."

"ரத்து பண்ணினா புக் எங்ககிட்ட வந்துடணும். மேலாபீசுக்கு அனுப்பணும்."

"அந்த ஒரு பக்கம் மட்டும் குடுங்க சார். எங்கப்பா கையெழுத்து."

"சர்க்கார் புக்கைக் கிழிக்கச் சொல்றியா? படிச்ச புள்ளதானே நீ?"

புக்கைக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் எழுத்து மேலேயே முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். கையை நடுங்க விட்டேன், கடைசி எழுத்தைக் கீழே இறக்கினேன், இடது கையாலும் எழுதினேன். ஒன்றும் அவருடையதாக வரவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது அவுரு போட்டதில்ல கண்ணு" என்றாள்.