நாற்பத்தேழுக்கு மூன்று அழைப்பு

காவல் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தெட்டு வருஷமாக ஒயர்லெஸ் மைக்கைப் பிடித்திருப்பவருக்கு மைக் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் தேடி வண்டி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே சட்டம்தான். மூன்றாவது அழைப்புக்குள் வராவிட்டால் சாப்பாடு கிடையாது. கணவர், பாவம், இரண்டாவதிலேயே ஆஜராகிவிடுவார்.

ரோந்து பைக் நாற்பத்தேழு மட்டும் அடங்காத ஆள். வேண்டுமென்றே மூன்றாவது அழைப்பு வரை காத்திருந்து, "வந்துட்டேன்க்கா, தொண்டத் தண்ணி வத்திடப் போகுது" என்பான். போன வருஷம் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வேனிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி அவன்மேல் ஏறிவிட்டது. அன்றைக்கு அக்கா பதினோரு முறை கூப்பிட்டார்.

பணியில் உயிர்விட்டவர்களின் நினைவு நாளில் அவர்களுடைய எண்களை ஒயர்லெஸ்ஸில் மூன்று முறை கூப்பிட்டு, 'பதில் இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவது அங்கே வழக்கம். இந்த வருஷம் பட்டியலில் அவனுடைய நாற்பத்தேழும். மைதானத்தில் அக்காவுக்கு மைக்கும் மேஜையும் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அவன் அம்மா.

"முடியலைன்னா வேற யாராவது கூப்பிடட்டும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் அக்காவிடம்.

"என் குரலுக்கே லேட்டாத்தான் வருவான் சார். வேற குரலுக்கு எங்க வரப்போறான்?"

அந்தத் தாய் முன்னால் குரல் உடைந்து தொலைக்கக் கூடாது. அக்காவுக்கு அது ஒன்றுதான் கவலை. முதல் அழைப்பு தேறியது. இரண்டாவதும் தேறியது. மூன்றாவதும் முடிந்தது.

"நாற்பத்தேழு, லைன்ல இருக்கேன்," என்றது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு யாரோ அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன ஆனாலும் மூன்றாவது அழைப்புக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று பயிற்சியில் அவளை மிரட்டியதே அக்காதான். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா எழுந்து மேஜையருகே வந்தார். "யாரோ பொண்ணு பேசுதே. பத்திரமா இருக்காளான்னு கேளும்மா."

"நாற்பத்தேழு, எங்க இருக்க?"

"பாலத்துக்குக் கீழ, மேடம். தப்பு ஏதும் பண்ணிட்டேனா?"

"இல்ல. பின்னாடி வண்டி வருதான்னு பாத்து நில்லு. டியூட்டி முடிஞ்சதும் நேரா இங்க வா. ஒரு அம்மா காத்திருப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் அக்காவின் குரல் உடைந்தது. ஊரிலுள்ள ரோந்து வண்டிகள் எல்லாவற்றிலும் அது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவேட்டை இழுத்து, நாற்பத்தேழுக்கு நேராக 'பதில் வந்தது' என்று எழுதினார்.