கடுகளவு மொட்டு

என் மகள் நேற்று செல்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு செல் நீல நிறத்தில் இரண்டாகப் பிரிந்தது. "இம்புட்டுத்தானப்பா மைட்டாசிஸ்? இதுக்குப் போயி வாரக்கணக்காப் பாடம் எடுக்குறீங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் இத்தனை காலம் நான் அதைத்தானே கற்பித்துக் கிழித்தேன். விரலில் கறை இல்லை, வாசனை இல்லை, இது என்ன செல் பிரிவு, நீங்களே சொல்லுங்கள்.

பசுமலைப் பக்கம் நாங்கள் தாவரவியல் படித்தபோது அந்தப் பாடத்துக்கு ஒரு நாற்றம் இருந்தது. சாயத்தில் கலந்த அசிட்டிக் அமிலம் சட்டையில் ஏறிக்கொள்ளும். பேருந்தில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார். வெங்காயத்தைத் தண்ணீர் பாட்டிலின் வாயில் உட்கார வைத்து, வேர் விட்டதும் காலையிலேயே நுனியைக் கிள்ளி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். நான் நசுக்கினால் கண்ணாடி உடையும். என்னோடு ஒரே நுண்ணோக்கியில் மாரடித்த சாலமன் நசுக்கினால் குரோமோசோம்கள் எண்ணும்படி விரிந்து கிடக்கும். அந்த விரலைத் தவிர அவனிடம் உருப்படியாக ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தாமதம்.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் வேர் நுனியில் மைட்டாசிஸ், பூ மொட்டில் மியாசிஸ், இரண்டையும் காட்ட வேண்டும். மொட்டை நாங்களே கொண்டுவர வேண்டும் என்பது துறை வழக்கம். மகரந்தம் உண்டாகக் குரோமோசோம் பாதியாகக் குறைகிற அந்தப் பிரிவு, மொட்டு கடுகளவு இருக்கும்போதே முடிந்துவிடும். "பச்சையா, பொடிசாக் கொண்டாடா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். என் எம்.எஸ்ஸி. இடம் அந்த மதிப்பெண்ணில்தான் தொங்கியது.

மணி அடித்த பிறகு வாழையிலைப் பொட்டலத்தோடு ஓடிவந்தான். பிரித்தால் வெள்ளை வெளேரென்று மல்லிகை.

"பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன் மாப்ள. ஒண்ணுகூடச் சொத்தை கிடையாது."

மதுரைக்காரன் கை பூக்கூடைக்குள் போனால் பெரிய மொட்டைத்தானே தேடும். ஒவ்வொன்றாக உரித்தேன். எல்லாவற்றிலும் முற்றிய மகரந்தம். "மூளைன்னு ஒண்ணு இருக்காடா" என்று பல்லைக் கடித்தேன்.

தேர்வாளர் குனிந்து பார்த்தார். "மொட்டு யாரு கொண்டாந்தது?"

"நான்தான் சார். இவன் சின்னதாத்தான் கேட்டான். வேர் ஸ்லைடு இவன் போட்டது, அதப் பாருங்க சார்" என்றான் சாலமன்.

உண்மையில் அது அவன் நசுக்கிப் போட்டது. நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் என் காலை நறுக்கென்று மிதித்தான். நான் தேறி மேலே படித்தேன். அவன் அடுத்த ஆண்டு மறுபடி எழுதினான். உன்னை யாருடா கேட்டது என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். "சும்மா கெட" என்பான். என் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் முடிந்த பிறகு ஒரு கூடை மல்லிகையோடு வந்து, "மியாசிஸ் இருக்கா பாரு மாப்ள" என்றான்.

இப்போது எங்கள் ஆய்வகத்திலும் திரைதான். வெங்காயப் பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். போன மழைக்காலத்தில் சாலமனும் போய்விட்டான். எல்லாவற்றுக்கும் தாமதமாக வந்த பயல், இதற்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

ஆனையூரில் அவன் வீட்டுக்குப் போகும் வழியில், கோரிப்பாளையத்துப் பூக்கடையில் நின்று பொடி மொட்டாகத் தேடிப் பொறுக்கினேன். கடைக்கார அம்மா முகம் சுளித்தார். "பெருசா எடுங்கண்ணே. இது விரியவே விரியாது."

பெட்டியில் கிடந்த அவன் கையருகே அதை வைத்தேன். சரியான மொட்டு இதுதான்டா படுபாவி, பார் என்றேன்.