எடுத்தாச்சு!

ஐ.சி.யூ. நர்ஸ் வேலையில் உள்ளே கட்டிலில் கிடப்பவர் ஒரு நோயாளி. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பம் மொத்தமும் இன்னொரு நோயாளி. அந்தப் பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான்.

மூஞ்சி ஜோசியம்

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, மணமேல்குடி மீனவர் முத்துக்காளையை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு, மெஷின்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. பிழைப்பாரா என்று எங்களுக்கே தெரியாது. அவர் மனைவி செல்வராணி கதவை விட்டு நகரமாட்டார். டாக்டர் சொல்வதை விட என் முகத்தைத்தான் நம்பினார். ஒரு நாள் பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்தேன். அவ்வளவுதான், கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டார். பல்வலி என்று சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை.

"பல்லு வலிச்சா மூஞ்சி இப்புடியா இருக்கும்? எதையோ மறைக்கிறீங்க சிஸ்டர்."

ஒரே ஒரு வார்த்தை

கொஞ்சம் கொஞ்சமாக முத்துக்காளை தானே மூச்சுவிடத் தொடங்கினார். ஒரு மத்தியானம் டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்து, "எடுத்தாச்சு!" என்றேன். எதை என்று சொல்லவில்லை. சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது, "எப்ப எடுக்கிறாங்க?" என்றுதானே நாமெல்லாம் கேட்போம்? அது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவில்லை.

செல்வராணி மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அவருடைய கொழுந்தன் அதற்குள் ஊருக்குப் போன் போட்டுவிட்டார். "குழாயைத்தான், குழாயைத்தான்" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. வேறு வழியில்லாமல் செல்வராணியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். முத்துக்காளை மெல்லக் கண்ணைத் திறந்து, கம்மிய குரலில் என்னிடம் கேட்டார்.

"அங்கிட்டு யாரு தாயி, தவறிட்டாங்களா?"

மாலையோடு வந்த வேன்

ஆள் பிழைத்துவிட்டார் என்று கொழுந்தன் ஊருக்குத் திரும்பப் போன் பண்ணியும் பயனில்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆள் உயிரோடு இருப்பதைக் கண்ணாடி வழியாகக் காட்டியதும் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். கொண்டுவந்த மாலையை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் புரியவில்லை. திரும்ப வேனில் ஏற்றக் கூடாது என்று டிரைவர் ஒரே பிடிவாதம். நான் செல்வராணியிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"இனிமே வெளிய வந்ததும் மொதல்ல சிரிங்க சிஸ்டர், அப்பறமாப் பேசுங்க."

அன்றிலிருந்து நல்ல சேதி என்றால் முகக்கவசத்தைக் கழற்றி, வலிக்கிற பல் உட்பட முப்பத்திரண்டையும் காட்டிவிட்டுத்தான் நான் பேச்சையே ஆரம்பிக்கிறேன்.